சாவியைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், தம்பி

கேள்வி:

அக்கா, எனக்கு 25 வயது. ஊர் திண்டிவனம் பக்கம். எட்டு மாதமாக வேளச்சேரியில், வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை செய்கிறேன். வீடு காட்டுவது, அக்ரிமென்ட் போடுவது, காலி செய்யும்போது சாவி வாங்குவது எல்லாம் நான்தான். போன வாரம் ஒரு குடும்பம் காலி செய்தது. வாடகை 18,000, அட்வான்ஸ் 1,50,000. இரண்டு வருடம் நான்கு மாதம் இருந்தார்கள். பெயின்டிங் 18,000, கீசர் 4,500, வீடு சுத்தம் செய்ய 3,500, குழாய் சுவிட்ச் 1,500 என்று ஓனர் 27,500 பிடித்துவிட்டார். மீதியில் 70,000 கொடுத்தார். பாக்கி 52,500 அடுத்த ஆள் வந்ததும் தருவாராம். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நீயும் இதுல கூட்டுதானே” என்று அழுதுவிட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. இன்னொரு விஷயம். போனில் சில பெயர்களைக் கேட்டாலே, “வீடு போயிடுச்சுன்னு சொல்லிடு” என்கிறார் முதலாளி. வீடு காலியாகத்தான் இருக்கும். இந்த வேலையில் நீடிக்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்:

தம்பி, வேலையில் நீடிப்பதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். அந்த 52,500 இந்த வாரமே அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படும் பணம். முதலில் அதைப் பார்ப்போம்.

ஓனர் போட்ட கணக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் 2017-இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பழுது யார் செலவு என்று அதன் இரண்டாம் அட்டவணையில் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தேவைப்பட்டால் தண்ணீர்க் குழாய்களையும் வயரிங்கையும் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் பழுது, பூட்டு, கைப்பிடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமென்டில் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கீசரும் குழாய் சுவிட்சும் ஓனர் கேட்கக்கூடியவைதான். பழுது பார்த்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பில் இருந்தால் அந்த 6,000 குடும்பத்தின் பங்கு. இதை அந்த அம்மாவிடமும் நீங்கள் நேராகச் சொல்ல வேண்டும். அவர் அழுதார் என்பதற்காக எல்லாமே ஓனர் தப்பு என்று சொல்லிவிட்டு வராதீர்கள். சுத்தம் செய்ய 3,500 என்பது வீடு எந்த நிலையில் திரும்ப வந்தது என்பதைப் பொறுத்தது. சாவி வாங்கியது நீங்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பெயின்டிங்தான் பெரிய தொகை. சென்னையில் காலி செய்தால் ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு என்பதை எல்லோரும் சட்டம் மாதிரி பேசுகிறார்கள். அது வழக்கம் மட்டும்தான். அக்ரிமென்டை எடுத்து அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓனரிடம் உரிமையாகப் பேச முடியாது, கேட்டுக் குறைக்கத்தான் முயலலாம். இல்லாவிட்டால் அந்த 18,000-ஐப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்குக் காரணமே இல்லை. பிள்ளைகள் சுவரில் கிறுக்கியிருந்தாலோ, ஆணி அடித்துக் காரை பெயர்ந்திருந்தாலோ அந்தச் சுவருக்கான செலவை மட்டும் கேட்கலாம். இரண்டு வருடத்தில் வெளுத்துப்போன பெயின்ட் யாருடைய குற்றமும் கிடையாது.

அப்புறம் அந்த “அடுத்த ஆள் வந்ததும்” என்ற பேச்சு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த ஆள் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் யாரும் வீடு மாறமாட்டார்கள். மார்கழியிலும் அதே கதை.

ஆனால் தம்பி, ஓனர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் 19 வருடமாக நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வாங்கிய அட்வான்ஸை அப்படியே பாங்கில் வைத்திருக்கும் ஓனர்கள் மிகக் குறைவு. ஓய்வு பெற்றவர் ஒருவர் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். அட்வான்ஸ் வந்த மாதமே அது கட்டட பாக்கிக்கோ மகள் கல்யாணக் கடனுக்கோ போயிருக்கும். பழைய ஆளுக்குத் திருப்பித் தருவது புது ஆள் தரும் பணத்திலிருந்துதான். காலி செய்யும் குடும்பமோ இந்த வீட்டு அட்வான்ஸை வாங்கித்தான் அடுத்த வீட்டுக்குக் கட்டவேண்டும். அடுத்த வீட்டின் ஓனர் அதை வாங்கித்தான் அங்கே காலி செய்தவருக்குத் தரவேண்டும். இப்படி ஒரே பணம் நாலைந்து வீடுகளைச் சுற்றுகிறது. எங்காவது ஓரிடத்தில் பத்து நாள் நின்றுவிட்டால், எங்கோ ஒரு குடும்பம் சாமான் ஏற்றிய வண்டியோடு தெருவில் நிற்கும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுற்று எப்படிப் போகிறது என்று ஓனருக்கும் முழுசாகத் தெரியாது, குடியிருப்பவருக்கும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். அதனால் பணம் சரியான நாளில் கைமாறும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை. யாராவது காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்த அன்றே நான் ஓனர் வீட்டுக்குப் போய்விடுவேன். “ஐயா, இன்ன தேதிக்கு இவ்வளவு தரவேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்பேன். இல்லை என்றால் அன்றிலிருந்தே வீட்டைக் காட்ட ஆரம்பித்துவிடுவேன். புது ஆள் வீட்டை உறுதிசெய்ய டோக்கன் பணம் கொடுத்தால், அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே பழைய குடும்பத்துக்கு மாற்றிவிடச் சொல்வேன். மீதி சாவி கொடுக்கும் அன்று, மூன்று தரப்பும் ஒரே இடத்தில் நிற்கும்போது. பல ஓனர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். தேதி சொல்லி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் போடும் அக்ரிமென்டுகளுக்குச் சிலது சொல்கிறேன். டோக்கன் வாங்குவதற்கு முன்பே, காலி செய்யும் அன்று என்னென்ன பிடிப்பார்கள் என்பதை ஓனரையும் வருகிறவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். பெயின்டிங்குக்கு ஓனர் பணம் எதிர்பார்க்கிறாரா? எத்தனை வருடம் இருந்தால் எவ்வளவு? தொகையோடு எழுதுங்கள். இந்தப் பேச்சை எடுத்தால் வருகிறவர் ஓடிவிடுவாரோ என்று உங்கள் முதலாளி பயப்படுவார். எனக்கும் முதல் சில வருடம் அந்தப் பயம் இருந்தது. சிலர் ஓடவும் செய்தார்கள். அவர்கள் இரண்டு வருடம் கழித்து என் வாசலில் வந்து அழுதிருப்பார்கள். முன்பே போனது அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

சாவி கொடுக்கும் அன்று போனில் ஒரு வீடியோ எடுங்கள். வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக. ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, கீசர் ஓடுகிறதா, பாத்ரூம் சுவரில் ஏற்கெனவே ஓதம் இருக்கிறதா, சமையல் மேடைக் கல்லில் விரிசல் இருக்கிறதா என்று பேசிக்கொண்டே எடுங்கள். ஈபி மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நடுவில் குடி வந்தால் யார் எத்தனை யூனிட் என்பதில்தான் முதல் சண்டையே வரும். சப்-மீட்டர் வைத்த வீடாக இருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீடியோவை ஓனர், குடியிருப்பவர் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை. காலி செய்யும் அன்று அதே வீடியோவைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தால் வாக்குவாதத்துக்கு இடமே இருக்காது. அந்தக் கீசர் குடும்பம் வரும்போது ஓடியதா, ஏற்கெனவே பழுதா என்று இன்று உங்களால் சொல்ல முடியவில்லை, பாருங்கள்.

அக்ரிமென்டை, அந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் விட்டுவிடாதீர்கள். 11 மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு என்ற பழைய பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம் அது. புதுச் சட்டத்தில் எந்தக் கால அளவாக இருந்தாலும் எழுத்தில் போட்டுப் பதிவு செய்யவேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். அட்வான்ஸும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே சட்டம். நீங்கள் சொன்ன வீட்டுக்கு அது 54,000. ஆனால் நம் ஊரில் அக்ரிமென்டிலேயே பெரிய தொகையை எழுதி வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் மட்டும் வாங்கும் ஓனர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்கள் வீடு சீக்கிரம் போய்விடுகிறது என்று மற்ற ஓனர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். பெரிய அட்வான்ஸ் இருந்தால்தான் காலி செய்யும்போது பெரிய சண்டையும் வரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லவேண்டும்.

2015 ஆகஸ்டில் மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்தேன். கணவன், மனைவி, கைக்குழந்தை, வயதான மாமியார். “மழை பெய்தால் தண்ணீர் வருமா?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். வருடா வருடம் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்பது எனக்குத் தெரியும். “கொஞ்சம் நிற்கும்மா, வடிஞ்சிடும்” என்றேன். அந்த மாதம் எனக்கு ஒரு கமிஷன்கூட வந்திருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கட்டில், பீரோ, அவள் கல்யாணப் புடவை, சர்டிஃபிகேட் எல்லாம் போயிற்று. மாடியில் இருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டதால் நான்கு பேரும் பிழைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. “அக்கா, நீங்க சொல்லியிருந்தா நாங்க மாடி வீடா பார்த்திருப்போமே” என்று மட்டும் கேட்டாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். என் பகுதியில் வாடகைக்கு வரும் ஒவ்வொரு தரைத்தள வீட்டுக்கும் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எதுவரை வந்தது என்று பக்கத்து வீடுகளில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். முழங்கால், இடுப்பு, சுவிட்ச் போர்டு என்று. வீடு காட்டும்போதே அதைச் சொல்லிவிடுவேன். தெரிந்தே வருகிறவர்களும் உண்டு. சாமானை உயரத்தில் வைத்துக்கொள்கிறார்கள், வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார்கள். உங்கள் வேளச்சேரியில் மழை எச்சரிக்கை வந்தாலே மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். அங்கே வீடு காட்டுகிறவர் இப்படி ஒரு நோட்டு இல்லாமல் இருக்கக்கூடாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. “வடிஞ்சிடும்” என்பதும் “வீடு போயிடுச்சு” என்பதும் ஒரே வகைப் பொய். நம்மை நம்பிக் கேட்கிறவருக்கு, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கத் தேவையான ஒரு விவரத்தை நாம் மறைத்துவிடுகிறோம்.

ஒரு முஸ்லிம் பையன், ஒரு வடமாநிலத் தொழிலாளி, தனியாக இருக்கும் ஒரு பெண் என்று எத்தனை பேரிடம் இதைச் சொல்கிறார்கள். சாதியை நேராகக் கேட்காமல் “சொந்த ஊர் எது, எந்தத் தெரு?” என்று சுற்றிவளைத்துத் தெரிந்துகொள்வார்கள். காலியான வீட்டைப் போய்விட்டது என்றால் அவர்கள் நம்பமாட்டார்கள், தம்பி. மறுநாளும் அதே டூ-லெட் போர்டு தொங்குவதைப் பார்ப்பார்கள். வீடும் கிடைக்காமல், ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் திரும்பிப்போவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

ஓனர் வீட்டை யாருக்குக் கொடுக்கிறார் என்பது நம் கையில் இல்லை. ஆனால் நாம் எதைக் கேட்கிறோம், எதைச் சொல்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஒரு வீட்டை எடுக்கும்போதே ஓனரிடம் நான் சொல்லிவிடுவேன்: “என்ன வேலை, எத்தனை பேர், வாடகை மாதம் எந்தத் தேதியில் தருவார்கள், இதற்கு முன் இருந்த வீட்டு ஓனரின் போன் நம்பர், இவ்வளவும் கேட்டுத் தருகிறேன். சாதியும் மதமும் நான் கேட்கமாட்டேன்.” இதனால் சில வீடுகள் எனக்கு வராமல் போயிருக்கின்றன. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓனர் முகத்தில் அடித்தமாதிரி மறுத்துவிடுவார் என்று தெரிந்தால் வருகிறவரிடம் முன்பே சொல்வேன். “அந்த வீட்டில் இப்படி ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நேரில் வந்து பேசிப்பார்க்க விருப்பமா, வேறு வீடு காட்டட்டுமா?” சிலர் வேறு வீடு போதும் என்பார்கள். சிலர் வருகிறேன் என்பார்கள். ஆதம்பாக்கத்தில் ஒரு பாட்டி போனில் முடியவே முடியாது என்றார். வீடு கேட்ட முஸ்லிம் டீச்சரும் அவர் அம்மாவும் நேரில் வந்து அரைமணி நேரம் பேசினார்கள். ஆறு வருடம் அங்கேயே இருந்தார்கள். எல்லா முறையும் இப்படி நடக்காது. வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிய ஓனரையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முடிவை வருகிறவர் கையில் விடுகிறேன். அவமானப்படப் போவது அவர்தான். யாருக்கும் தயங்காமல் கொடுக்கும் ஓனர்களின் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அது முதலில் நான்கு பேராக இருந்தது. இப்போது நோட்டில் இரண்டு பக்கம்.

முதலாளியிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். “சார், காலியா இருக்கிற வீட்டைப் போயிடுச்சுன்னு என்னால சொல்ல முடியல. ஓனர் சம்மதிக்கலன்னு சொல்லிட்டு, வேற வீடு காட்டறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கும் அதில் ஒரு நஷ்டமும் இல்லை. வேறு வீட்டில் கமிஷன் வரத்தான் போகிறது.

வேலையை விடுவது பற்றி. இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால் விடவேண்டாம் என்பேன். இரண்டு நாள் தூங்காமல் இருந்த ஒருவர் இந்தத் தொழிலில் இருப்பது அங்கே வீடு தேடுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் இரண்டு விஷயம் நடந்தால் அன்றே கிளம்பிவிடுங்கள். ஒன்று, ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் டோக்கன் வாங்கச் சொன்னால். இரண்டாவது, லீஸ், அதாவது மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருப்பது. ஓனரிடம் மாத வாடகைக்கு என்று வீட்டை எடுத்து, குடிவருகிறவரிடம் சில லட்சங்களை லீஸ் தொகையாக வாங்கி, ஓனருக்கு மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டே வந்து ஒருநாள் நிறுத்திவிடும் மோசடி சென்னையில் பலமுறை நடந்திருக்கிறது. ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் அந்தக் குடும்பத்துக்கு விஷயமே தெரியும். வாழ்நாள் சேமிப்பு போய்விடும். அந்தப் பேப்பரில் சாட்சியாகக்கூட உங்கள் கையெழுத்து விழக்கூடாது. லீஸ் என்றால் ஓனரை நேரில் பார்க்காமல், தொகை ஓனர் கணக்கிலேயே விழாமல், ஒரு ரூபாய்கூடக் கைமாற விடாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமை காலையிலேயே அந்த ஓனர் வீட்டுக்குப் போங்கள். வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டால் உங்களுக்கு நேரம் இருக்காது. அக்ரிமென்ட் நகல், அவர் சொன்ன நான்கு செலவுகளும் எழுதிய ஒரு தாள், குடும்பம் சாவி கொடுத்த தேதி, இவ்வளவும் கையில் இருக்கட்டும். குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மீதிப் பணத்துக்கு அவர் வாயாலேயே ஒரு தேதி வாங்கி, அங்கே உட்கார்ந்தபடியே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு அந்தத் தேதியை ஓனரையே சொல்லச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் ஒன்றும் நகரவில்லை என்றால், அக்ரிமென்டில் பெயின்டிங் வரி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். பாக்கிப் பணத்தைக் கேட்டுக் கொடுக்கவேண்டிய மனுவை நானே எழுதித் தருகிறேன்.